படுக்கைப் புண்ணுக்கு ஐந்து பெயர்

நர்சிங் கடைசி ஆண்டில் ஒரு திறனாய்வுக் கட்டுரை எழுதித் தர வேண்டியிருந்தது. ஒரு தலைப்பை எடுத்து, அதில் இதுவரை வந்த ஆராய்ச்சிகளைத் திரட்டி, அவை என்ன சொல்கின்றன என்று எழுத வேண்டும். நான் படுக்கைப் புண்ணை எடுத்தேன். வார்டில் நோயாளிகளைப் புரட்டிப் படுக்க வைத்தே இடுப்பு ஒடிந்தவள் நான், இதை எழுத நூலகம் எதற்கு என்றுகூட நினைத்தேன். ஒரு வழியாகப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய்க் கணினி முன் உட்கார்ந்து 'பெட் சோர்' என்று தட்டினேன். வந்தவற்றில் முக்கால்வாசி நான் பிறப்பதற்கு முன்பு எழுதப்பட்டவை. மூன்று நாள் இப்படியே போனது. இதில் யாரும் புதிதாக ஆராய்ச்சியே செய்யவில்லை போலிருக்கிறது, தலைப்பை மாற்றிக்கொள்கிறேன் என்று கைடிடம் போய் நின்றேன்.

"லைப்ரரியன் மேடத்தைப் பார்த்தியாம்மா?" என்றார். பார்க்கவில்லை. புத்தகம் எடுக்கவும் அபராதம் கட்டவும்தான் அந்த மேசைப் பக்கம் போவேன்.

மேடம் கணினியைத் தொடவே இல்லை. ஒரு தாளை என் பக்கம் தள்ளி, "இந்தப் புண்ணுக்கு உங்களுக்குத் தெரிஞ்ச பேரையெல்லாம் எழுதுங்க" என்றார். பெட் சோர், பிரஷர் சோர், பிரஷர் அல்சர் என்று மூன்று எழுதினேன். பழைய பாடப்புத்தகத்தில் பார்த்த டெக்யூபிட்டஸ் அல்சரும் நினைவுக்கு வந்தது. ஐந்தாவதாக அவரே 'பிரஷர் இஞ்சுரி' என்று எழுதினார். தோல் கிழியாமல் வெறுமனே சிவந்திருக்கும் முதல் நிலையை 'அல்சர்' என்பது பொருந்தவில்லை என்பதால், 2016-இல் படுக்கைப் புண்ணுக்கான அமெரிக்க தேசிய ஆலோசனைக் குழு அந்தப் பெயருக்கு மாறியது. ஐரோப்பியக் குழுவோ பிரஷர் அல்சரை விடவில்லை. ஆக, நான் தட்டிய 'பெட் சோர்' வீட்டில் சொல்கிற பெயர். புது ஆராய்ச்சியாளர்கள் தலைப்பில் அதை வைப்பது அபூர்வம். ஆராய்ச்சி இல்லாமல் போகவில்லை, நான் தவறான பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஐந்து பெயரையும் 'அல்லது' என்று பொருள்படும் ஆங்கில 'ஆர்' போட்டு இணைத்து, ஒரே அடைப்புக்குள் வைத்துத் தேட வேண்டும். ஒரே பொருளுக்கான மாற்றுச் சொற்களுக்கு நடுவே 'ஆர்', வேறு வேறு கருத்துகளுக்கு நடுவே 'ஆண்ட்' (மற்றும்). கேட்க எளிது. ஆனால் என் வகுப்பில் பாதிப் பேர் இதைத் தலைகீழாகப் போட்டுவிட்டு ஒன்றுமே வரவில்லை என்று அழுதார்கள். இரண்டு சொல் சேர்ந்தே வர வேண்டுமானால் மேற்கோள் குறிக்குள் போடுங்கள். சொல்லின் வேரை மட்டும் எழுதி நட்சத்திரக் குறி வைத்தால் எல்லா வடிவங்களும் வரும். 'நர்ஸ்' என்பதன் முதல் நான்கு ஆங்கில எழுத்தோடு நட்சத்திரம் போட்டால் நர்ஸ், நர்ஸஸ், நர்சிங் மூன்றும் கிடைக்கும். கூடவே நர்சரியும் வரும், பயந்துவிட வேண்டாம்.

இதற்கு அடுத்த படிதான் எனக்குக் கண்ணைத் திறந்தது. ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடித் தரும் டேட்டாபேஸ்களில் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு பொதுப் பொருள்தலைப்பு ஒட்டியிருப்பார்கள். எழுதியவர் எந்தப் பெயரைப் பயன்படுத்தியிருந்தாலும் எல்லாம் அந்த ஒரு தலைப்பின் கீழ் வந்து சேரும். மருத்துவக் கட்டுரைகளுக்கான பப்மெட் டேட்டாபேஸில் இதற்குப் பெயர் மெஷ். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1960-லிருந்து பராமரிக்கிற பட்டியல் அது. நர்சிங்குக்கென்றே உள்ள சினால் டேட்டாபேஸுக்குத் தனிப் பட்டியல் உண்டு. இந்தத் தலைப்புகள் மரம்போல அடுக்கப்பட்டவை. பப்மெட்டில் மேல்கிளையைத் தேர்ந்தால் கீழ்க்கிளைகள் தானாக வரும், சினாலில் அதற்கென ஒரு கட்டத்தை டிக் செய்ய வேண்டும். நான் டிக் செய்யாமல் ஒரு மாலை முழுவதையும் இழந்தேன். பொருள்தலைப்பை மட்டும் நம்பியும் இருக்க முடியாது, பப்மெட்டில் உள்ள எல்லாக் கட்டுரைக்கும் மெஷ் ஒட்டியிருக்காது. அதனால் பொருள்தலைப்பையும் ஐந்து பெயர்களையும் 'ஆர்' போட்டு ஒன்றாகத் தேடுவதுதான் பாதுகாப்பு.

பப்மெட்டா சினாலா என்று ஜூனியர்கள் கேட்கிறார்கள். இரண்டும்தான். பப்மெட் 1997-லிருந்து உலகத்துக்கே இலவசம், ஆனால் அது மருத்துவம் முழுவதற்குமான கடல். சினால் 1961-இல் நர்சிங் கட்டுரைகளுக்கான அச்சுச் சுட்டியாகத் தொடங்கியது. நோயாளியின் அனுபவம், பராமரிப்போரின் சுமை, வார்டு நடைமுறை போன்றவை அதில்தான் நன்றாகக் கிடைக்கும், ஆய்வேடுகளும் உண்டு. அதற்குச் சந்தா வேண்டும், அதை நூலகம் கட்டிவிடுகிறது. கூகுள் ஸ்காலர் கெட்டதல்ல. ஆனால் அங்கே கிடைத்ததை, எப்படிக் கிடைத்தது என்று பிறகு யாரிடமும் விளக்க முடியாது. கையில் ஏற்கெனவே இருக்கும் கட்டுரையை அடுத்து யார் மேற்கோள் காட்டினார்கள் என்று பார்க்க மட்டும் நான் அங்கே போவேன்.

சரி, பெயர் கிடைத்தது. இப்போது எதிர்ப்பிரச்சினை: கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் கொட்டின. மேடம் இரண்டாவது முறை கேட்டது: "படுக்கைப் புண்ணில் உங்களுக்கு என்ன தெரியணும்?" என்னிடம் இருந்தது தலைப்புதான், கேள்வி இல்லை. பிக்கோ என்று வகுப்பில் பாடமாகப் படித்திருந்தோம். யார் நோயாளி, என்ன செய்கிறோம், எதோடு ஒப்பிடுகிறோம், என்ன விளைவைப் பார்க்கிறோம் என்கிற நான்கு கட்டம். பரீட்சைக்கு மனப்பாடம் செய்ததோடு சரி. அன்றுதான் முதன்முதலாக எனக்காக நிரப்பினேன். படுத்த படுக்கையாக, படுக்கைப் புண் வரும் ஆபத்தில் இருக்கும் முதியவர்கள். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுவது. அதைவிடத் தள்ளிப் புரட்டுவது. புதுப் புண் வருகிறதா இல்லையா. வார்டில் நள்ளிரவு 2 மணிக்கு, தூங்கும் பாட்டியை எழுப்பிப் புரட்டும்போதெல்லாம் மனதில் ஓடிய கேள்விதான் இது.

நான்கையும் தேடல் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். முதலிரண்டை மட்டும் தேடி, மற்றதைப் படிக்கும்போது வடிகட்டுங்கள். விளைவையும் சேர்த்தால் அந்தச் சொல்லைக் கட்டுரையின் தொடக்கச் சுருக்கத்தில் எழுதாத நல்ல கட்டுரைகள் நழுவிவிடும்.

இப்படித் தேடியதில் கிடைத்தது 2013-இல் வந்த ஓர் ஆய்வு. அமெரிக்கா, கனடாவிலுள்ள முதியோர் பராமரிப்பு இல்லங்களில், அடர்த்தியான ஃபோம் மெத்தையில் படுத்திருந்த 942 பேரை 2, 3, 4 மணி நேர இடைவெளிக் குழுக்களாகப் பிரித்து 3 வாரம் பார்த்திருக்கிறார்கள். புண் வந்த அளவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. படித்ததும் தலை சுற்றியது. உடனே போய், 2 மணி நேரக் கணக்குத் தப்பு என்று எழுதிவிடத் துடித்தேன். கைடு தடுத்து, முறையியல் பகுதியை மறுபடி படிக்கச் சொன்னார். மெத்தை எது, இடம் எது, நோயாளி யார் என்று பார்த்தால், ஐசியு நோயாளிக்கும் சாதாரண மெத்தைக்கும் இந்த முடிவைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. சுருக்கத்தை மட்டும் படித்து எழுதுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். அதன்பின், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் நூலகம் என்ற இணையத் தொகுப்பில் இதே கேள்விக்கான முறைசார் திறனாய்வைத் தேடிப் பார்த்தேன். எந்த இடைவெளி சிறந்தது என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் போதவில்லை என்பதே அதன் முடிவு. 'தெரியவில்லை' என்பதும் ஒரு முடிவுதான், அதை அப்படியே எழுதலாம் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது.

இன்னொன்று. அந்த 2013 ஆய்வின் ஆசிரியர் பட்டியலில் முதல் பெயர் நான்சி பெர்க்ஸ்ட்ரோம். எங்கோ பார்த்த பெயர். யோசித்தால், படுக்கைப் புண் வரும் ஆபத்தை அளக்க நாங்கள் தினமும் நிரப்பும் பிரேடன் அளவுகோல்! 6 தலைப்பு, 6 முதல் 23 வரை மதிப்பெண், குறையக் குறைய ஆபத்து அதிகம். பார்பரா பிரேடனோடு சேர்ந்து 1987-இல் அதை வெளியிட்டவர் இவரேதான். ஆசிரியர் பெயரைச் சொடுக்கி அவருடைய மற்ற கட்டுரைகளைப் பார்த்தபோது, ஒரே கேள்வியை ஒருவர் கால் நூற்றாண்டு துரத்தியிருப்பது வரிசையாகத் தெரிந்தது. எந்தக் கீவேர்டும் எனக்கு அதைக் காட்டியிருக்காது. நல்ல கட்டுரை ஒன்று கையில் கிடைத்துவிட்டால் தேடல் பெட்டியை மூடிவிட்டு அதன் ஆசிரியர் பெயரையும் கடைசிப் பக்க மேற்கோள் பட்டியலையும் பிடித்துக்கொண்டு போங்கள்.

இதனால்தான் 'கடைசி 5 ஆண்டு' வடிகட்டியை எடுத்தவுடனே போடாதீர்கள் என்கிறேன். ஆசிரியர்கள் அப்படிச் சொல்வார்கள், காரணமும் இருக்கிறது, நடைமுறை மாறுகிறது. சிவந்த இடத்தைத் தேய்த்துவிடு என்று ஒரு காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள், இப்போது கூடாது என்கிறார்கள். ஆனால் முதல் தேடலிலேயே அதைப் போட்டிருந்தால் 1987 என் கண்ணில் பட்டிருக்காது. எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கடைசியில் போடுங்கள். 'ஃபுல் டெக்ஸ்ட் மட்டும்' என்ற கட்டத்தையோ தொடவே வேண்டாம். அது உங்கள் நூலகத்தில் உடனே திறக்கும் கட்டுரைகளை மட்டும் காட்டுகிறது, சிறந்த கட்டுரைகளை அல்ல. திறக்காத கட்டுரைக்குப் பணம் கேட்டால் கட்டாதீர்கள். நூலகங்களுக்கிடையே இரவல் வாங்கித் தரும் சேவைக்கு ஒரு படிவம் இருக்கும், நிரப்பிக் கொடுத்தால் பெரும்பாலும் சில நாளில் மின்னஞ்சலில் வந்துவிடும். சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்தின இரவு கேட்டால் அவர்களும் பாவம், நீங்களும் பாவம்.

அலமாரிப் பக்கமும் ஒரு நடை போய் வாருங்கள். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி முறை நூலகமானால் நர்சிங் 610.73-இல் இருக்கும், மருத்துவ நூலகமானால் அந்த அடுக்குக் குறி பெரும்பாலும் டபிள்யூ.ஒய். என்று தொடங்கும். தேடிய புத்தகத்துக்கு இடது வலது பக்கத்தில் நிற்பவற்றைப் புரட்டினாலே போதும், கேள்வியின் பின்னணி பிடிபட்டுவிடும்.

நான் செய்த பெரிய முட்டாள்தனம், தேடியதை எழுதி வைக்காதது. எந்த டேட்டாபேஸ், என்ன தேதி, என்ன சொற்கள், எத்தனை வந்தது, அதில் எத்தனையை எடுத்தேன் என்று முறையியல் பகுதியில் எழுத வேண்டும். நான் எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி தேடினேன். டேட்டாபேஸில் உங்கள் பெயரில் தனிக் கணக்கு தொடங்கித் தேடலைச் சேமித்தால் இந்த வேலை மிச்சம், புதுக் கட்டுரை வந்தால் மின்னஞ்சலும் வரும். மேற்கோள்களைச் சேமித்துப் பட்டியல் போட்டுத் தரும் ஜோட்டீரோ மென்பொருள் இலவசம், முதல் நாளே நிறுவிக்கொள்ளுங்கள். அது போட்டுத் தருவதையும் ஒருமுறை சரிபாருங்கள், தலைப்பெழுத்துகளில் அடிக்கடி சொதப்பும்.

படிப்பு முடிந்து சில வாரங்களில் என் நூலகக் கணக்கை மூடிவிட்டார்கள். பிறகு வாசிக்கலாம் என்று இணைப்பை மட்டும் சேமித்து வைத்திருந்த முப்பது நாற்பது கட்டுரைகள் ஒன்றுகூடத் திறக்கவில்லை. கடைசித் தேர்வுக்கு முந்தைய வாரமே கோப்புகளாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், பழைய மாணவர்களுக்குத் தனி அனுமதி உண்டா என்று அதே மேசையில் கேளுங்கள். நான் கேட்டேன். நேரில் வந்தால் உள்ளே இருக்கும் கணினியில் படிக்கலாம் என்றார்கள். நைட் டியூட்டி முடிந்த காலைகளில் இப்போதும் போகிறேன்.