நாவின் மேல் ஒரு பிளேடு

பெய்ஜிங்கில் 1982இல் பிறந்த மா சியூஷா 2007இல் எடுத்த காணொளிக் கலைப்படைப்பை நேற்றிரவு மீண்டும் பார்த்தேன். தாம் வாழ்ந்த இரண்டு வீடுகளின் முகவரிகளையே அவர் அதற்குத் தலைப்பாக வைத்திருக்கிறார். சுமார் எட்டு நிமிடங்கள் கேமராவை நேராகப் பார்த்தபடி, ஒற்றைக் குழந்தைத் திட்டக் காலத்தில் பெற்றோருக்கு ஒரே மகளாக வளர்ந்ததையும், ஓவியம் கற்றதையும், தாய் தம்மீது வைத்த எதிர்பார்ப்பின் பாரத்தையும் பற்றிப் பேசுகிறார். சொற்கள் ஏனோ குழறுகின்றன. முடிவில் வாயைத் திறந்து, நாவின் மேலிருந்து இரத்தம் தோய்ந்த பிளேடை அவர் வெளியே எடுக்கும்போதுதான் காரணம் புரிகிறது. தாயைப் பற்றி உண்மை பேசும் மகளின் வலியை இவ்வளவு நேராகக் காட்டிய வேறொரு படைப்பை நான் பார்த்ததில்லை. சீனத் தாய்-மகள் உறவைப் பற்றி நான் எழுதிவரும் குறிப்பேட்டின் முதல் பக்கம் இதற்குத்தான். ஆயினும், தன் ஆசை முழுவதையும் ஒரே பிள்ளையின்மேல் ஏற்றிவைத்த அந்தத் தாயின்மீது எனக்குக் கோபம் வரவில்லை.