சட்டத்தின் ஆண்டை அல்ல, தகுதி விதியைப் படியுங்கள்

முதுகலை வரலாற்றில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாற்றுத் தாளுக்கு நான் முதலில் படித்த முறை, சட்டங்களின் பெயரையும் ஆண்டையும் அட்டவணையிட்டு மனப்பாடம் செய்வதாகவே இருந்தது. 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தைச் சமாளிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் கொண்டுவந்த நியூ டீல் திட்டங்கள் சாதாரண மக்களின் வாழ்வை எவ்வாறு மாற்றின என்ற மாதிரி வினாவுக்கு நான்கு பக்கம் எழுதினேன். திருத்திய பேராசிரியர் ஓரத்தில் சிவப்பு மையால் 'மக்கள் எங்கே?' என்று மட்டும் எழுதியிருந்தார்; அந்தக் கேள்விதான் என் படிப்பையே மாற்றியது.

அதன்பின் எந்தச் சட்டத்தை எடுத்தாலும், அதன் பயன் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று தகுதி விதியிலிருந்தே குறிப்பெடுத்தேன். நியூ டீலின் பகுதியான, 1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தைப் பாருங்கள். வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த ஐடா மே ஃபுல்லர் மூன்றாண்டுகளில் 24.75 டாலர் மட்டுமே வரியாகச் செலுத்தியிருந்தார்; 1940 ஜனவரியில் 22.54 டாலருக்கு, அத்திட்டத்தின் முதலாவது மாத ஓய்வூதியக் காசோலையைப் பெற்ற அவர், நூறு வயது வரை வாழ்ந்து மொத்தம் 22,000 டாலருக்கும் மேல் பெற்றார். ஆனால் அதே சட்டம் விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலை செய்வோரையும் முதியோர் ஓய்வூதியத்திலிருந்து விலக்கியது. தென் மாநிலங்களில் பருத்திக் காட்டிலும் பிறர் வீட்டுச் சமையலறையிலும் உழைத்த கறுப்பின மக்களில் பெரும்பாலோர் இந்த ஒற்றை விதியால் வெளியே நின்றார்கள். அவர்களில் ஒரு பகுதியினரைச் சேர்த்துக்கொள்ள 1950ஆம் ஆண்டுத் திருத்தம் வரவேண்டியிருந்தது. இந்த ஒரு சட்டத்தை இவ்வளவு நெருக்கமாகப் படித்திருந்தாலே, நியூ டீல் வினாவுக்கு உயிருள்ள விடை எழுதலாம்.

1862ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டத்துக்கும் இம்முறை பொருந்தும். ஐந்தாண்டு குடியிருந்து பயிரிட்டால் 160 ஏக்கர் நிலம் என்ற அதன் விதி, மணமாகாத பெண்களுக்கும், குடியுரிமை பெற விருப்பம் தெரிவித்த குடியேறிகளுக்கும் வழிவிட்டது. அந்த நிலத்தின் பெரும்பகுதி பூர்வகுடிகளிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதையும் விடையில் கட்டாயம் சேருங்கள்.

1942இல் ரூஸ்வெல்ட் பிறப்பித்த 9066ஆம் நிர்வாக ஆணையில் மட்டும் இம்முறை என்னைக் கைவிட்டது. அதன் வாசகத்தில் ஜப்பானியர் என்ற சொல்லே கிடையாது. ராணுவத் தளபதிகள் தாம் குறிக்கும் பகுதிகளிலிருந்து எவரையும் வெளியேற்றலாம் என்றுதான் இருக்கிறது. ஆனால் அதைக் கொண்டு முகாம்களில் அடைக்கப்பட்ட சுமார் 1,20,000 பேரும் ஜப்பானிய வம்சாவளியினர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். ஆகவே இதுபோன்ற ஆணைகளுக்கு, அவற்றை நடைமுறைப்படுத்திய ராணுவ அறிவிப்புகளையும் உடன் வைத்துப் படியுங்கள்.