உற்பத்தி நின்ற பவுடருக்கு லோட் டேட்டா தேடியபோது

அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்களில் பலர் தங்கள் ரைபிளுக்கான தோட்டாக்களை வீட்டிலேயே நிரப்பிக்கொள்கிறார்கள். வேட்டையை விட்டுவிட்ட முதிய நண்பர் ஒருவர் தம்மிடமிருந்த ரீலோடிங் சாமான்களை எனக்குக் கொடுத்தபோது, அவற்றில் வின்செஸ்டர் 785 என்ற பவுடர் (தோட்டாவில் நிரப்பும் வெடிமருந்து) டப்பாக்கள் இரண்டு இருந்தன. மெதுவாக எரியும் இந்த உருண்டை மணி வகை (ball) பவுடர் என்னுடைய .270 வின்செஸ்டர் ரைபிளுக்குப் பொருத்தமானதுதான். ஆனால், அதன் உற்பத்தி நின்று பல்லாண்டுகள் ஆகிவிட்டதால், என்னிடமிருந்த கையேடுகள் எதிலும் அதன் பெயரே இல்லை.

எவ்வளவு பவுடர் நிரப்பலாம் என்று சொல்லும் லோட் டேட்டாவைத் தேடுவதற்கு முன் பவுடர் கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்த்தேன். நல்ல பவுடரில் கரைப்பானின் லேசான மணம் இருக்கும். கெட்டதில் மூக்கைச் சுடும் அமில நெடி வீசும், துரு போன்ற செம்பழுப்புத் தூளும் தென்படும். ஒரு டப்பாவின் மூடியைத் திறந்ததுமே அந்த நெடி அடித்தது. உட்புறத்தில் தகரமும் அரித்திருந்தது. அதைத் திறந்தவெளியில் மெல்லிய படலமாகப் பரப்பி, சிறிது சிறிதாக எரித்துவிட்டேன்.

மற்ற டப்பாவுக்காக விசாரித்தபோது, "ஹாட்ஜ்டன் நிறுவனத்தின் ஹெச்450 பவுடருக்கு உள்ள டேட்டாவையே போடலாம், இரண்டும் ஒன்றுதான்" என்று துப்பாக்கிக் களத்தில் இருவர் உறுதியாகச் சொன்னார்கள்; அதற்கு அச்சில் என்ன ஆதாரம் என்று கேட்டால் இருவரிடமும் பதில் இல்லை. ஹெச்414-உம் வின்செஸ்டர் 760-உம் ஒரே பவுடர் என்பது உண்மைதான். ஆனால் 4831 என்ற ஒரே எண்ணைத் தாங்கிய இரண்டு பவுடர்களின் கதை வேறு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மிஞ்சிய 20 மி.மீ. பீரங்கிப் பவுடரை ஹாட்ஜ்டன் 4831 என்று விற்றது; அதுதான் ஹெச்4831. 1970களில் டூபாண்ட் கொண்டுவந்த ஐஎம்ஆர் 4831 அதைவிட வேகமாக எரிவது. ஹெச்4831-இன் உச்ச அளவை ஐஎம்ஆர் 4831-இல் போட்டால் அழுத்தம் எல்லை மீறும். ஆகவே எரிவேக வரிசைப் பட்டியலில் பக்கத்தில் இருப்பதை வைத்து நான் எதையும் முடிவுசெய்வதில்லை.

வின்செஸ்டர் பெயரில் வரும் பவுடர்களை 2006 முதல் உரிமம் பெற்று விற்பது ஹாட்ஜ்டன் நிறுவனம். எனக்கோ, டப்பா விற்பனையில் இருந்த காலத்தில் வின்செஸ்டரே வெளியிட்ட சிறு டேட்டா புத்தகம்தான் தேவைப்பட்டது. பழைய கையேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஒருவரிடம் அது கிடைத்தது; அதே காலத்தில் வந்த வேறொரு கையேட்டிலும் 785 இருந்ததால் இரண்டையும் ஒப்பிட முடிந்தது.

ஒப்பிடும்போது அழுத்தத்தின் அலகைக் கவனிக்க வேண்டியிருந்தது. பழைய பக்கங்கள் செப்பு உருளை நசுங்கும் அளவைக் கொண்டு கணக்கிடும் சியூபி அலகில் இருந்தன. இன்றைய கையேடுகள் பிஎஸ்ஐயில் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) தருகின்றன. .270-க்கு உச்ச வரம்பு ஒன்றில் 52,000, மற்றதில் 65,000. இரண்டுக்கும் பொதுவான மாற்று வாய்பாடு கிடையாது என்பதை அறியாதவர், பழைய அளவில் இன்னும் நிறைய இடமிருப்பதாக எண்ணிவிடுவார்.

எத்தனை கிரெயின் (பவுடரையும் புல்லட்டையும் எடைபோடும் சிறு அலகு) பவுடர் என்ற கணக்கை இங்கே எழுதவில்லை. அதை அச்சுப் பக்கத்தைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். இரண்டு கையேடுகளின் தொடக்க அளவுகளில் குறைவானதை எடுத்து, 130 கிரெயின் புல்லட்டும் அதே புத்தகம் சொன்ன பிரைமரும் (பவுடரைப் பற்றவைக்கும் சிறு மூடி) வைத்துச் சில தோட்டாக்களை மட்டும் நிரப்பிச் சுட்டேன். வேகம் அச்சிட்டதைவிடச் சற்றுக் குறைவாகவே வந்தது, அழுத்தம் மிகுந்தால் நேர்வதுபோல் பிரைமர் தட்டையாகவில்லை, ரைபிளின் போல்ட்டும் இலகுவாகத் திறந்தது. அந்தப் பக்கத்தின் நகலை டப்பாவிலேயே ஒட்டி வைத்திருக்கிறேன்.