பெட்டி ஃபோர்டு மறைக்காம சொன்ன விஷயம்

அமெரிக்காவுல அதிபரோட மனைவின்னா அவங்களுக்கு யாரும் ஓட்டு போடல, சம்பளம் கிடையாது, இன்ன வேலை செய்யணும்னு அரசியல் சட்டத்துல ஒரு வரி கூட இல்ல, ஆனா கட்டுற டிரெஸ்ல இருந்து பேசுற பேச்சு வரைக்கும் நாடே கவனிச்சுட்டு இருக்கும். அப்படி ஒரு இடத்துல உக்காந்து என்னதான் செய்ய முடியும்னு கேட்டா நான் அதிபர் ஜெரால்டு ஃபோர்டோட மனைவி பெட்டி ஃபோர்டைத்தான் சொல்லுவேன்.

அதிபரா இருந்த நிக்சன் ராஜினாமா பண்ணதால 1974 ஆகஸ்ட் 9-ல ஜெரால்டு ஃபோர்டு அதிபரானாரு. ஏழு வாரம் கூட முழுசா ஆகல, செப்டம்பர் 26-ந் தேதி செக்கப்புக்குப் போன பெட்டிக்கு வலது மார்புல கட்டி இருக்குன்னு டாக்டர் கண்டுபிடிச்சாரு. மறுநாள் மத்தியானம் முன்னாள் அதிபர் ஜான்சனோட மனைவியும் பொண்ணுங்களும் வெள்ளை மாளிகைக்கு டீ குடிக்க வந்திருந்தாங்க. அவங்ககிட்ட மூச்சு விடல, சிரிச்ச முகமா வீட்டைச் சுத்திக் காமிச்சு அனுப்பிட்டு அதே சாயங்காலம் ஆஸ்பத்திரில போய் அட்மிட் ஆயிட்டாங்க. எனக்கு இந்த டீ டைம்தான் மனசை விட்டுப் போகவே மாட்டேங்குது, உள்ளுக்குள்ள எவ்ளோ பயம் இருந்திருக்கும் அவங்களுக்கு!

28-ந் தேதி ஆபரேஷன் பண்ணி மார்பை எடுத்துட்டாங்க. அந்தக் காலத்துல புற்றுநோய்ல ஒருத்தர் செத்தா கூட பேப்பர்ல ‘நீண்ட நாள் நோய்’னுதான் போடுவாங்க, அதுவும் மார்பகப் புற்றுநோய்னா வீட்டுக்குள்ளயே குசுகுசுன்னுதான் பேசுவாங்க. பெட்டி எதையும் மறைக்கல, ஆஸ்பத்திரி பெட்ல இருக்குற போட்டோ கூட வெளிய வந்துச்சு. அதைப் பாத்துட்டு நாடு முழுக்க பொம்பளைங்க செக்கப்புக்குப் போக ஆரம்பிச்சாங்க, அதுல துணை அதிபர் ஆகப்போற நெல்சன் ராக்ஃபெல்லரோட மனைவி ஹேப்பியும் ஒருத்தர். அவங்களுக்கும் கட்டி இருந்துச்சு, அக்டோபர்லயே ஆபரேஷன். எந்தச் சட்டமும் போடாம எந்த ஃபைல்லயும் கையெழுத்து போடாம ஒருத்தங்க இத்தனை பேரை டாக்டர்கிட்ட போக வச்சிருக்காங்க, இதை விடப் பெரிய அதிகாரம் என்னங்க இருக்கு?

ஆணுக்கும் பெண்ணுக்கும் சம உரிமைன்னு அரசியல் சட்டத்துல சேர்க்கச் சொன்ன சம உரிமைத் திருத்தத்துக்காகவும் நிறைய பேசினாங்க, திட்டும் வாங்கினாங்க.

1976 தேர்தல்ல ஃபோர்டு தோத்தாரு, பிரச்சாரத்துல அவருக்குத் தொண்டை கட்டிக்கிட்டதால தோல்வியை ஒத்துக்கிற அறிக்கையைக் கூட பெட்டிதான் படிச்சாங்க. பதவி போனதுக்கப்புறம் சும்மா இருந்திருக்கலாம். ஆனா 1978-ல குடும்பமே ஒண்ணா உக்கார வச்சுப் பேசினதுக்கு அப்புறம், மதுவுக்கும் வலி மாத்திரைக்கும் அடிமையாயிட்டேன்னு வெளிப்படையா ஒத்துக்கிட்டு சிகிச்சைக்குப் போனாங்க, மார்பகத்தைப் பத்திப் பேசுறதை விட இது நூறு மடங்கு கஷ்டம்னு நான் நினைக்கிறேன், ஏன்னா நோயாளியைப் பாத்துப் பரிதாபப்படுற ஊரு குடிக்கிற பொம்பளையைப் பாத்து அசிங்கமாத்தான் பேசும். 1982-ல கலிஃபோர்னியாவுல ராஞ்சோ மிராஜ்ல தன் பேர்லயே சிகிச்சை மையம் ஆரம்பிச்சாங்க. அங்க வர்றவங்ககிட்ட முன்னாள் அதிபரோட மனைவியா இல்லாம, நானும் உங்களை மாதிரி இதுல இருந்து மீண்டு வந்தவதான்னு சொல்லித்தான் பேசுவாங்களாம்.