தத்துவம் படிக்கக் கல்விக் கடன் வாங்கிய அனுபவம்

எம்.ஏ. தத்துவத்துக்கு ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. நுழைவுத் தேர்வு, கவுன்சலிங் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. சோதனை எங்கள் ஊர் வங்கியில்தான் காத்திருந்தது.

அங்கே கல்விக் கட்டணம் குறைவு; விடுதி, மெஸ், லேப்டாப் செலவுக்குத்தான் கடன். மத்திய அரசின் கல்விக் கடன் திட்டமான பி.எம். வித்யாலட்சுமியின் தளத்தில் விண்ணப்பித்துவிட்டு அப்பாவோடு போனேன். படிப்பின் பெயரைப் பார்த்ததுமே கடன் பிரிவு அலுவலர் ஃபைலை மூடிவிட்டார். "இன்ஜினியரிங், நர்ஸிங்னா உடனே போட்டுடலாம். இதைப் படிச்சா என்னம்மா வேலை கிடைக்கும்? கடனை யார் கட்டுவா?" அப்பா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அடுத்த முறை போனபோது, ஜாமீன்தாரர் வேண்டும் என்றார் அந்த அலுவலர். அந்தத் திட்டத்தில் ஜாமீனும் வேண்டாம், அடமானமும் வேண்டாம். பிறகு விடுதிச் செலவுக்குக் கடிதம் எங்கே என்றார். இது நியாயமான கேள்வி. மெஸ் தொகையையும் சேர்த்துப் பல்கலைக்கழக லெட்டர்ஹெட்டில் முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதம் வந்த பிறகும் "என்ன வேலை?" என்றே நின்றார். "வேலை கிடைக்காதுன்னு கடன் இல்லைங்கிறீங்க. இது விதியா சார், உங்க கருத்தா? விதின்னா எழுத்துல கொடுங்க" என்றேன். விண்ணப்பத்தை மறுப்பதானால் மேலதிகாரியின் ஒப்புதலோடு காரணத்தையும் தெரிவிக்க வேண்டும் என்று இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்திலேயே இருக்கிறது. அந்தப் பக்கத்தை அச்செடுத்து நீட்டினேன். கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தேர்வில் தத்துவம் தனிப் பாடம், குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் 500 மதிப்பெண்ணுக்கான விருப்பப் பாடம் என்பதற்கான ஆவணங்களையும் வைத்தேன். ஃபைல் மேனேஜரிடம் போனது. அவர் நிதானமாகப் படித்தார், கையெழுத்துப் போட்டார்.

வேலைப் பட்டியலைக் காட்டித்தான் தத்துவத்துக்கு மரியாதை தேட வேண்டியிருந்தது என்பதில் வருத்தம் உண்டு. ஒருவர் சொல்லும் முடிவுக்கு அடியில் சொல்லாமல் விட்ட அனுமானம் எது என்று தேட எனக்குச் சொல்லிக்கொடுத்தது பி.ஏ. தர்க்கவியல் வகுப்பு. அது இல்லையென்றால் அந்த மேசை முன்னால் எனக்குப் பேச்சே வந்திருக்காது.

கடன் கிடைத்ததும் வட்டிச் சலுகைக்கு அதே தளத்தில் தனியாக விண்ணப்பியுங்கள். வங்கியில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் முழு வட்டி மானியம் என்பது தொழில்நுட்ப, தொழிற்படிப்புகளுக்கு மட்டும். தத்துவத்துக்கு, 8 லட்சம் வரை வருமானமுள்ள குடும்பங்களுக்கான 3 சதவீதச் சலுகைதான். வருமானச் சான்றிதழை இ-சேவையில் முன்பே வாங்கிவிடுங்கள்.