கத்தரித்துத் தந்த சளி மாத்திரை

சென்ற மார்கழியில் ஏற்காட்டில் பனி கடுமையாக இறங்கிய ஒரு வாரத்தில், எழுபது வயதைக் கடந்த என் அப்பாவுக்கு மூக்கடைப்பும் உடம்புவலியும் வந்தன. அவர் புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே உள்ள சுரப்பி) வீக்கத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் பல ஆண்டுகளாக மருந்து எடுத்துவருபவர். அருகிலிருந்த மருந்துக்கடையில் "சளிக்கு மாத்திரை" என்று கேட்டபோது, அட்டையிலிருந்து ஆறு மாத்திரைகளைக் கத்தரியால் வெட்டிச் சிறு காகித உறையில் போட்டுக் கொடுத்தார்கள். வெட்டிய துண்டில் மருந்தின் பெயரும் இல்லை, காலாவதித் தேதியும் இல்லை. இரண்டாம் நாள் இரவு அப்பாவுக்குச் சிறுநீர் அடியோடு நின்றுவிட்டது. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் நள்ளிரவில் இறங்கி, சேலத்தில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுசேர்த்து, டியூப் போட்ட பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. "என்ன மாத்திரை சாப்பிட்டார்?" என்று மருத்துவர் கேட்ட கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. அந்த வெறும் துண்டைத்தான் நீட்டினேன்.

மறுநாள் கடையில் முழு அட்டையைக் காட்டச் சொல்லிப் படித்தேன். பாராசிட்டமால் 500 மில்லிகிராம், பினைலெஃப்ரின் 10 மில்லிகிராம், குளோர்பெனிரமின் 2 மில்லிகிராம் என்று மூன்று மருந்துகள் ஒரே மாத்திரைக்குள் இருந்தன. தும்மலையும் மூக்கு ஒழுகுவதையும் நிறுத்தும் குளோர்பெனிரமின், சிறுநீர்ப்பை சுருங்கி நீரை வெளியேற்றும் வலிமையையும் குறைக்கிறது. மூக்கடைப்புக்கென்று சேர்க்கும் பினைலெஃப்ரினோ சிறுநீர்ப்பையின் கழுத்துத் தசையை இறுக்குகிறது, ரத்த அழுத்தத்தையும் ஏற்றக்கூடும். புராஸ்டேட் வீங்கி ஏற்கெனவே வழி குறுகியிருப்பவருக்கு இவ்விரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அன்றிரவு கண்ணால் பார்த்தோம். கண் அழுத்த நோய் உள்ளவர்களும் இந்த வகை மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. இதில் எனக்கு அதிகம் வேதனை தருவது வேறொன்று: வாய்வழி உட்கொள்ளும் பினைலெஃப்ரின் வழக்கமான அளவில் மூக்கடைப்பைப் போக்குவதில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு 2023 செப்டம்பரிலேயே ஒருமனதாகச் சொல்லிவிட்டது.

அத்தோடு முடியவில்லை. உடம்புவலிக்கென்று வீட்டிலிருந்த 650 மில்லிகிராம் பாராசிட்டமாலையும் அப்பா தனியாக மூன்று வேளை விழுங்கியிருக்கிறார். சளி மாத்திரைக்குள்ளும் அதே மருந்துதான் இருக்கிறது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? இரண்டையும் மூன்று வேளை என்று கணக்குப் பார்த்தால் ஒரு நாளுக்கு 3450 மில்லிகிராம். ஆரோக்கியமான பெரியவருக்கே 24 மணி நேரத்தில் 4000 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு. மெலிந்தவர்களுக்கும், கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும், தொடர்ந்து மது அருந்துபவர்களுக்கும் அது இன்னும் குறைவு. அவர் இரண்டிலும் ஒவ்வொன்று கூடுதலாகப் போட்டிருந்தால் வரம்பைத் தாண்டியிருப்பார். அளவு மீறிய பாராசிட்டமால் முதல் நாளில் பெரிய அறிகுறி எதையும் காட்டாமலே கல்லீரலைக் கெடுக்கும் என்பதால், கூடிப்போனது தெரிந்தால் உடம்பு நன்றாக இருக்கிறதே என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

குழந்தைகளுக்கு இன்னும் கவனம் தேவை. குளோர்பெனிரமினும் பினைலெஃப்ரினும் சேர்ந்த கலவையை நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று மருந்தின் மேலேயே அச்சிடும்படி நம் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. பெரியவருக்கு வாங்கியதில் பாதியை உடைத்துப் பிள்ளைக்குக் கொடுக்கும் பழக்கத்தை எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன், தயவுசெய்து விட்டுவிடுங்கள். குளோர்பெனிரமின் தூக்கத்தையும் வரவழைக்கும், தும்மலுக்குத் தரும் இன்னொரு மருந்தான செட்ரிசின்கூடச் சிலருக்கு வரவழைக்கும். இவற்றை விழுங்கிவிட்டு மலைப்பாதையில் வண்டி ஓட்டக் கூடாது.

இப்போதெல்லாம் நான் முழு அட்டையாகவே வாங்குகிறேன். இரண்டு மாத்திரை போதும் என்றால், பெயரும் தேதியும் உள்ள பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்ட பிறகே வெட்டச் சொல்கிறேன். அப்பா அன்றாடம் சாப்பிடும் மருந்துகளின் பெயர்களும் அவருக்குள்ள நோய்களும் எழுதிய சீட்டு ஒன்று அவர் சட்டைப்பையில் இருக்கிறது. மூக்கடைத்தால் உப்புநீர்ச் சொட்டு மருந்து விட்டுக்கொள்கிறார்; கடைக்குப் போனால் முதலில் அந்தச் சீட்டைத்தான் எடுத்து நீட்டுகிறார்.