உக்போ ஒகெடே: கறுத்த வாழைப்பழமும் ஒரு கட்டு இலையும்

நைஜீரியப் பலகாரமான உக்போ ஒகெடே செய்ய நினைத்தால் முதலில் வாழைப்பழம் கறுக்கக் காத்திருக்க வேண்டும். மஞ்சள் நிறம் போதாது. தோல் முழுக்கக் கறுத்து, அழுத்தினால் விரல் உள்ளே இறங்குகிற அளவுக்குக் கனிந்திருக்க வேண்டும். லாகோஸில் எல்லா வீட்டிலும் வறுக்கும் டோடோவுக்கு மஞ்சள் பிளான்டேன், அதாவது சமையலுக்கான பெரிய வாழைப்பழம், சரி. கறுத்ததை எண்ணெயில் போட்டால் உள்ளே வேகும் முன் வெளியே கருகிவிடும். அப்படி வறுவலுக்கு ஆகாமல் போன பழத்துக்கென்றே மேற்கு ஆப்பிரிக்காவில் தனிப் பலகாரங்கள் உண்டு. கானாவில் மாவோடு பிசைந்து எண்ணெயில் தட்டிப்போட்டால் தத்தாலே, ஓவனில் சுட்டால் ஓஃபாம். நைஜீரியாவின் இக்போ மக்கள் அதையே இலையில் பொதிந்து ஆவியில் வேகவைக்கிறார்கள், அதுதான் உக்போ ஒகெடே.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் லாகோஸில் எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டில் இருக்கும் ஓர் அம்மா. சொந்த ஊர் இக்போப் பகுதியிலுள்ள இன்சுக்கா. இங்கே வயதில் மூத்த பெண்களை 'மம்மி' என்றுதான் கூப்பிடுவோம். அவர் என்னை 'ன்னே' (இக்போவில் அம்மா) என்பார். அளவு கேட்டால் சிரிப்பார். "பார்த்துப் போடு ன்னே, கண் சொல்லும்" என்பதோடு முடித்துக்கொள்வார். அதனால் கீழே வரும் அளவுகள் எல்லாம் அவர் கையைப் பார்த்து நான் கப்பில் அளந்து வைத்துக்கொண்டவை.

சாமான்களில் பாதி எந்தக் கடையிலும் கிடைக்கும். சிவப்புப் பாமாயில், வெங்காயம், உப்பு, ஒரு மேகி கட்டி (சுவையூட்டும் மசாலாக் கட்டி), 'கிரேஃபிஷ்' என்று இங்கே சொல்லும் காய்ந்த பொடி இறால். நம் ஊர்க் கூனி இறாலுக்கு நெருங்கின சரக்கு அது, பொடித்துத்தான் சேர்ப்பார்கள். மிளகாய்க்குப் பொதுவாக ஆட்டா ரோடோ என்னும் குண்டு மிளகாய் போதும். மம்மி அதை ஒப்புக்கொள்ள மாட்டார். இன்சுக்காவின் மஞ்சள் மிளகாய்தான் வேண்டும் என்பார். டிசம்பரில் ஊருக்குப் போய்த் திரும்பும்போது மூட்டையில் அது கட்டாயம் இருக்கும். காரத்தைவிட அதன் வாசனை பெரிது. அரிந்த கத்தியிலும் கையிலும் நெடுநேரம் நிற்கும். இந்த விஷயத்தில் நான் மம்மி பக்கம்.

இலைக்குத்தான் அலைய வேண்டியிருந்தது. மோய்மோய் என்னும் ஆவியில் வேகும் பயற்றுப் பலகாரத்துக்குக் கட்டும் அதே அகல இலை. இக்போவில் ஊமா, யொருபாவில் எவே எரான். வாழை இலையைவிடத் தடிப்பு, முட்டை வடிவம், நீண்ட காம்பு. மழைக்காட்டுப் பகுதிகளில் தானாக வளரும் செடி. இதன் பழத்திலிருந்துதான் தாமட்டின் என்னும் இனிப்புப் புரதத்தை எடுக்கிறார்கள். எடைக்கு எடை சர்க்கரையைவிட 2000 மடங்குக்கும் மேல் இனிக்குமாம். உணவுத் தொழிலில் அதற்கு ஈ957 என்று எண்ணே உண்டு. சந்தையில் இலை விற்கும் அம்மாக்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கட்டு என்ன விலை, கிழிசல் இருக்கிறதா, அவ்வளவுதான் பேச்சு. லாகோஸின் மைல் 12 சந்தைக்குக் காலையிலேயே போய்விட்டால் வதங்காத கட்டு கிடைக்கிறது. காம்பை வெட்டச் சொல்லாதீர்கள், அதற்கு வேலை இருக்கிறது.

இனி முக்கியமான இடம். கறுத்த பழத்தில் மாவுச்சத்து அநேகமாகத் தீர்ந்து சர்க்கரையாகியிருக்கும். வெறும் பழக்கூழை எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் கெட்டிப்படாது, இனிப்புக் களிம்பாகவே நிற்கும். அதைப் பிடித்து நிறுத்துவதற்குப் பச்சைப் பிளான்டேனின் மாவுச்சத்து வேண்டும். காயைச் சீவிக் காயவைத்து அரைத்த மாவு சந்தையில் சுலபமாகக் கிடைக்கிறது. மாவு கூடினால் கல்லாகும், குறைந்தால் குழையும். நடுத்தர அளவில் நான்கு பழத்துக்கு ஒரு கப் மாவு எனக்குச் சரியாக வருகிறது. பழம் ரொம்பவும் நீர்த்திருந்தால் இன்னும் இரண்டு மேசைக்கரண்டி. மாவு கிடைக்காவிட்டால் ஒரு பச்சைக் காயைத் துருவிச் சேர்த்து அரைக்கலாம். கொஞ்சம் நறநறவென்று இருக்கும், எனக்கு அதுவும் பிடிக்கும்.

அரைப்பது பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கரண்ட் இருக்கும்போதே வெங்காயத்தையும் மிளகாயையும் பழத்தோடு சேர்த்து மிக்ஸியில் ஓட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஜெனரேட்டர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சமைக்க நேரிடும்.

அரைத்ததில் மாவு, உப்பு, பொடித்த மேகி கட்டி, இரண்டு மேசைக்கரண்டி இறால் பொடி. பாமாயில் மூன்றில் ஒரு பங்கு கப். அதை உருகும் அளவுக்கு மட்டும் சூடாக்கினால் போதும். புகையவிட்டால் நிறமும் மணமும் போய்விடும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, எண்ணெய் தனியே மிதக்காமல் ஒன்றாகும் வரை மரக்கரண்டியால் அடிக்க வேண்டும். கலவை பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்துக்கு வரும். பதம் இட்லி மாவைவிடச் சற்று இளக்கமாக இருக்கட்டும். கடைசியில் நறுக்கிய சென்ட் லீஃப், இக்போவில் ன்ச்சான்வூ. இது துளசியின் இனம். நம் ஊரிலும் பெருந்துளசி என்ற பெயரில் வளர்வதுதான். சிலர் உட்டாசி இலை போடுவார்கள். அது கசக்கும், இரண்டு மூன்று இலைக்கு மேல் தாங்காது.

மடிக்கும் வேலைக்கு வருவோம். எழுத்தில் படித்தால் புரியாது, கையில் இலையை வைத்துக்கொண்டு படியுங்கள். இலையை இரண்டு பக்கமும் ஈரத் துணியால் துடைத்து, காம்பை நறுக்கித் தனியே வைத்துக்கொள்ள வேண்டும். அடுப்புத் தீயில் ஒரு நொடி வாட்டினால் இலை துவண்டு, மடிக்கும்போது கிழியாது. இரண்டு இலைகளை ஒன்றின்மேல் ஒன்று, நுனிகள் எதிரெதிராக வரும்படி வைத்து, நீளவாக்கில் சுருட்டிக் கூம்பாக்கி, அடிநுனியைப் பின்பக்கமாக மடித்துவிட வேண்டும். இடதுகை விரல்கள் அந்த மடிப்பை விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கும். வலதுகையால் ஒரு கரண்டி, அதிகம் போனால் ஒன்றரைக் கரண்டி மாவு. வேகும்போது உப்பும் என்பதால் மேலே இடம் விட்டு, வாயை இருபுறமும் மடக்கி, அடிமடிப்பு இருக்கும் அதே பக்கமாகத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். நூல் கிடையாது, ஈர்க்கு கிடையாது. பொட்டலத்தின் எடையே மடிப்பை அழுத்திப் பிடிக்கிறது. மம்மி பேசிக்கொண்டே மடித்துப் போட்டுக்கொண்டிருப்பார். நான் ஒன்று முடிப்பதற்குள் அவர் பக்கத்தில் ஒரு வரிசையே சேர்ந்துவிடும்.

நறுக்கி வைத்த காம்புகள் இப்போது பானையின் அடிக்குப் போகின்றன. குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, மேலே கிழிந்த இலைகளைப் பரப்பி, காம்பு மட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட வேண்டும். தட்டு, ஸ்டாண்டு எதுவும் தேவையில்லை. தண்ணீர் கொதித்த பிறகே பொட்டலங்களை நெருக்கமாக அடுக்கி, மேலும் சில இலைகளால் மூடி, இறுக்கமான மூடி போட்டு மிதமான தீயில் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வைக்கிறோம். நடுவில் தண்ணீர் வற்றினால் ஓரமாக வெந்நீர் விட வேண்டும். பச்சை இலை பழுப்பேறியதும் ஒன்றைப் பிரித்துப் பார்க்கலாம். இலையில் ஒட்டாமல் உரிந்து வந்தால் வெந்துவிட்டது. உடனே எடுத்துச் சாப்பிட ஆசையாக இருக்கும். ஆனால் இறக்கி இருபது நிமிஷம் ஆறினால்தான் சரியாகக் கெட்டிப்படுகிறது.

இலையின் நரம்புகள் அப்படியே பதிந்து, எண்ணெய் மினுங்க வெளியே வருகிறது. முதலில் இனிப்பு, பின்னாலேயே இறாலின் உப்பு, அப்புறம் மஞ்சள் மிளகாய். இதே மாவை டப்பாவிலும் பிளாஸ்டிக் பையிலும் ஊற்றி வேகவைக்கிறார்கள், வேலை மிச்சம்தான். ஒருமுறை பாதி இலையிலும் பாதி டப்பாவிலும் வைத்துப் பார்த்தேன். டப்பாவில் வெந்ததில் குறையொன்றும் இல்லை, ஆனால் இலையின் மணம் இல்லை. சூடான மாவைப் பிளாஸ்டிக் பையில் வேகவைப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. சைவம் சாப்பிடுகிறவர்கள் இறாலுக்குப் பதில் 'இரு' எனப்படும் புளித்த மரவிதையைத் துளி சேர்க்கலாம். நாற்றம் முதலில் மிரட்டும், வெந்தபின் அடங்கிவிடும்.

ஊரில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு நேந்திரம் கிடைக்கிறதே, அதுவும் பிளான்டேன் இனம்தான். தோல் கறுக்கும் வரை வைத்திருங்கள். நேந்திரங்காய்ப் பொடியும் கேரளப் பக்கக் கடைகளில் விற்கும். இலைக்கு, வாட்டிய வாழை இலையே போதும், ஆனால் நாரால் கட்ட வேண்டியிருக்கும். சிக்கல் பாமாயிலில்தான். ரேஷன் கடையில் தரும் பாமோலின் இதே எண்ணெய்ப்பனைப் பழத்து எண்ணெய்தான் என்றாலும் சுத்திகரிப்பில் சிவப்பும் மணமும் போய்விட்ட சரக்கு. அதை ஊற்றினால் வெளுத்த வாழைப்பழக் கொழுக்கட்டைதான் கிடைக்கும்.

எங்கள் வீட்டில் சனிக்கிழமை காலை அக்காமுவோடு, அதாவது புளித்த சோளக் கஞ்சியோடு சாப்பிடுகிறோம். மிஞ்சியதை இலையோடே ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் பத்து நிமிஷம் ஆவியில் காட்டினால் பழைய பதத்துக்கு வந்துவிடும். மைக்ரோவேவில் ஓரமெல்லாம் விறைத்துவிடுகிறது.